முழந்தாளிட்டுச் சொன்னது ஒப்புதல் ஆகாது

நடுவர் அவர்களே, இவ்வவையில் கூடியிருக்கும் ஊர்ப் பெருமக்களே, தாய்மார்களே. கதவைத் திறந்த ஒரு முதியவரைச் சிறையில் அடைத்துவிட்டு, அக்கதவின் தாழைப் பெயர்த்துக்கொண்டு ஓடியவரை முன்வரிசையில் நாற்காலி இட்டு அமர்த்தியிருக்கிறீர்கள். இதுவே என் முறையீடு. இதைச் சொல்லவே இக்கூண்டில் ஏறினேன்.

மடத்தில் எனக்குப் பள்ளிச் சகோதரி என்று பெயர். வயது நாற்பத்தாறு. பாலத்தின் கீழ்க்கரையில் உள்ள கன்னியர் மடத்தில் வாழ்கிறேன். மடத்தைச் சார்ந்த பெண்கள் பள்ளியில் மொழிப்பாடம் கற்பிக்கிறேன். இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் எங்கள் மடத்தின் தலைவி. எழுபதைக் கடந்தவர். நாங்கள் அவரைத் தலைவியம்மா என்போம். பகைவருக்கு வாயிலைத் திறந்துவிட்டு ஊரைக் காட்டிக்கொடுத்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். இதற்குத் தண்டனை என்னவென்பதை இவ்வூரில் அறியாதவர் இல்லை. அவரே ஒப்புக்கொண்டார் என்பது அரசுத் தரப்பின் முதன்மைச் சான்று. நாளை காலை தீர்ப்பு என்று அறிவித்திருக்கிறீர்கள். அவ்வொப்புதல் எவ்வாறு பிறந்தது என்பதை நடந்த வரிசையிலேயே கூறுகிறேன். எழுத்தர் தம்பி, நான் கூறுவதைக் கூறியவாறே எழுதுங்கள். நயமாக மாற்ற வேண்டா.

மழைக்காலத் தொடக்கத்தில் நம் படையின் ஒரு பிரிவு எங்கள் பள்ளிக் கட்டடத்தில் வந்து தங்கியது. அதன் தலைவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் படைத்தலைவரே. பாலத்தைக் காக்க மடத்தைவிட ஏற்ற இடம் இல்லை என்று அவர் கூறியதால் வகுப்பறைகளை ஒழித்துக் கொடுத்தோம். கரும்பலகைகளில் அவர்கள் போர்ப்படம் வரைந்தனர். எங்கள் சமையல் சகோதரி அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார். படைத்தலைவர் வேளைதோறும் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சிஸ்டர்" என்பார். ஆதலால் சமையலறையில் அவருக்கு 'இன்னுங்கொஞ்சம்' என்றே பெயராயிற்று. அவையோர் சிரிக்க வேண்டா. அதன் பின்னர் அவர் ஊர்மக்களை எங்கள் முற்றத்தில் கூட்டி, "நாங்க இருக்கோம். ஒரு ஈ உள்ள நுழையாது. வயசுப் பொண்ணுங்களை வச்சிருக்கவங்க இங்க கொண்டாந்து விடுங்க" என்று வாக்களித்தார். அவ்வாக்கை நம்பிப் பெற்றோர் பலர் தம் பெண்மக்களை மடத்தில் கொண்டுவந்து விட்டனர். பள்ளியின் மேல்தளத்தில், படுக்கைத் துணிகள் அடுக்கும் பரணில் அவர்களைத் தங்கவைத்தோம். எத்தனை பெண்கள், யார் வீட்டுப் பெண்கள் என்பதை நான் கூறமாட்டேன். அறிந்தவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அதன் பின்னர், ஆற்றுக்கு அப்பால் பீரங்கி ஒலி நெருங்கிய ஒரு காலையில், படைத்தலைவர் தம் ஆட்களை வண்டிகளில் ஏற்றினார். ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு இடம் மாற்றுவதாகக் கூறினார். பின்வாயிலை அடுத்த மழைச்சேற்றில் முதல் வண்டியின் சக்கரங்கள் புதைந்தன. அதன் பின்னர் நால்வர் உள்ளே ஓடிவந்து, முன்புறத்துப் பெருங்கதவின் குறுக்கே இடும் இரும்புத்தாழைக் கொக்கிகளிலிருந்து கழற்றித் தூக்கினர். தலைவியம்மா அவர்கள் முன் சென்று நின்றார்.

"தம்பி, அதை எடுத்துட்டீங்கன்னா கதவை எதை வச்சு அடைக்கிறது?"

"அஞ்சு நிமிஷம்மா. வண்டி மேல ஏறினதும் நம்ம பசங்களே கொண்டாந்து மாட்டிடுவாங்க" என்று படைத்தலைவர் கூறினார்.

தாழைச் சக்கரத்தின் கீழ்க் கொடுத்து வண்டியை ஏற்றினர். வண்டி ஏறியது. ஏறிய வண்டி நிற்கவில்லை. அதன் பின்னால் வந்த வண்டிகளும் அதே தாழின்மேல் ஏறிச் சென்றன. நாங்கள் நால்வர் சென்று அதைப் பெயர்க்க முயன்றோம். அது நடுவில் வளைந்து சேற்றுக்குள் அமிழ்ந்திருந்தது. கையை உதறிக்கொண்டு சமையல் சகோதரி, "தட்டுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் நின்ன மனுசன், கதவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கலயே" என்றார்.

படைத்தலைவர் இம்மன்றத்தில் உறுதிமொழி எடுத்து, கதவைத் தாழிட்டு இரு காவலரை நிறுத்திவிட்டே சென்றதாகக் கூறியிருக்கிறார். அவ்விரு காவலர் யாவர்? எங்கே அவர்கள்? அவர்களை அழைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இவ்வழக்கை விசாரித்த காவல் ஆய்வாளருக்குத் தோன்றவே இல்லையா? தாழ் இன்றும் பின்வாயிலருகே கிடக்கிறது. சேறு காய்ந்து இறுகியதால் ஒரு முனை மட்டும் வெளியே தெரிகிறது. இங்கிருந்து நடந்தே போகும் தொலைவு. இருந்தும் ஆய்வாளர் ஒரு முறைகூட எங்கள் பின்வாயிலை எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பின்னர், நண்பகலில், பகைவரின் வண்டிகள் பாலத்தில் ஏறுவதைப் பள்ளியின் சன்னல் வழியே கண்டோம். பரணில் பெண்கள் இருந்தனர். முன்கதவுக்குத் தாழ் இல்லை. ஒருவன் தோளால் உந்தினால் திறக்கும். தலைவியம்மா எங்களை அடுக்களைக்கு அழைத்தார். அழவும் இல்லை, நீண்ட மன்றாட்டு எதுவும் சொல்லவும் இல்லை. சமையல் சகோதரியைப் பார்த்து, "நான் முன்னாடி நின்னு பேச்சுக் குடுத்துட்டு இருக்கேன். நீ புள்ளைங்களைக் கூட்டிட்டுப் பின்னாடி வாய்க்கால் வழியா செங்கல் சூளைக்குப் போயிடு" என்றார்.

"நீங்க பேச ஆரம்பிச்சா எங்களுக்கே அரை நாள் போயிடும்மா. அவனுங்க பாவம்" என்று சமையல் சகோதரி கூறினார். அவ்வேளையிலும் நாங்கள் சிரித்தோம். அதுவே மடத்தில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

தலைவியம்மா தாமே நடந்து சென்று முன்கதவைத் திறந்தார். ஆம், திறந்தார். நான் இதை மறைக்க வரவில்லை. அவர்கள் படிகளில் ஏறியபோது வாசலின் நடுவில் நின்றுகொண்டு, "மண் காலோட உள்ள வராதீங்கப்பா. இப்பத்தான் கழுவி விட்டிருக்கு. அந்தப் பக்கம் கல்லு இருக்கு, தேய்ச்சுட்டு வாங்க" என்றார். அவர்களுள் நம் மொழி அறிந்த ஒருவன் அதை மற்றவர்க்கு எடுத்துக் கூறினான். அவர்கள் சிரித்தனர். சிரித்தபின், நடுவர் அவர்களே, துப்பாக்கி ஏந்திய அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கல்லில் காலைத் தேய்த்தனர். அம்மா ஒவ்வொருவரையும் குனிந்து பார்த்து, "இன்னும் குதிகால்ல ஒட்டியிருக்கு பாரு" என்று திருப்பி அனுப்பினார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று தனித்தனியே கேட்டார். ஊர் கேட்டார். தாய் தந்தை நலம் கேட்டார். முதலில் இறங்கியவர்களுக்கு வாய்க்காலில் கை கொடுத்துவிட்டு நான் கூடத்துக்குத் திரும்பியிருந்தேன். அவ்வளவு நேரமும் பின்புறத்தில் பெண்கள் வாய்க்காலில் இறங்கிக் குனிந்து போய்க்கொண்டிருந்தனர். கடைசிப் பெண் சூளையை அடையும் வரை அந்த முதியவர் ஒரு படையையே காலைத் துடைக்கவைத்து நிறுத்தினார். இதற்கு நீங்கள் இட்ட பெயர் காட்டிக்கொடுத்தல்.

பெண்கள் அனைவரும் சூளையிலிருந்து தத்தம் வீடு சேர்ந்தனர். அவர்களுள் ஒருத்தியின் மேலும் ஒரு கீறலும் இல்லை. சமையல் சகோதரி அவர்களோடு போயிருக்கலாம். திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "அடுப்புல உலை கொதிச்சிட்டு இருந்துச்சு. அப்புறம் நீங்கள்லாம் இங்கதானே இருக்கீங்க" என்றார்.

அதன் பின்னர் அவர்கள் எங்கள் மடத்தில் தங்கினர். எழுத்தர் தம்பி, எழுதுகோலைக் கீழே வைக்க வேண்டா. எங்களுள் ஐவர் வன்புணர்வு செய்யப்பட்டோம். ஒரு நாளோடு முடியவில்லை; அவர்கள் தங்கியிருந்த நாளெல்லாம் நடந்தது. பள்ளித் துணியறையின் கதவை முதல் நாளே பெயர்த்து விறகாக்கினர்; அதனால் அங்கு நடந்தது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. தலைவியம்மா அவ்வறையின் வாசலை விட்டு நகர மறுத்தார். இழுத்துத் தள்ளிய போதெல்லாம் திரும்பி வந்து நின்றார். துப்பாக்கியின் பின்கட்டையால் அடித்ததில் அவருடைய வலத் தோளெலும்பு முறிந்தது. இன்றுவரை அக்கை தோளுக்கு மேல் எழாது.

வன்புணர்வு செய்யப்பட்டோம் என்றேன். செய்யப்பட்டனர் என்று கூறவில்லை. ஐவருள் நானும் ஒருத்தி. நடுவர் அவர்கள், "இது வழக்கிற்குத் தேவைதானா?" என்று கேட்கிறார்கள். கதவைப் பற்றி எத்தனை முறை கேட்டீர்கள் என்பதை மன்றக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் திறந்தது, யார் கை வைத்தது, முழுதும் திறந்ததா, பாதி திறந்ததா என்று கேட்டீர்கள். கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவு முறையிட்டதா உங்களிடம்? தேவைதான், நடுவர் அவர்களே. இதை விட்டுவிட்டால் இவ்வழக்கில் எஞ்சுவது ஒரு மரப்பலகையும் அதன் கீல்களும் மட்டுமே.

அதன் பின்னர் நம் படை வேறு வழியாகத் திரும்பி வந்ததும் பகைவர் மடத்தை விட்டு நீங்கினர். நாங்கள் தரையைக் கழுவினோம். முன்போலவே வேளைதோறும் சிற்றாலயத்தில் கூடினோம். எங்களுள் இளையவளைக் குருவி என்று அழைப்போம். பாட்டின் முதல் ஒலியை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அவளைப் பற்றிக்கொண்டே மற்றவர்கள் பாடுவோம். இப்போது அவள் பாட வாய் திறக்கவில்லை. அதனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில் தொடங்கினோம்; பாதியில் நிறுத்தினோம். ஒரு நாள் அவள் எழுந்து நின்று, "அம்மா, அவரு அன்னைக்கு எங்க இருந்தாரு?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மறைநூலில் இதற்கு விடைகள் பல உண்டு. அவற்றைப் பள்ளியில் கற்பிப்பவளே நான். தலைவியம்மா அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. "தெரியலடி" என்றார். "நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

இப்போது எங்கள் மடத்தின் ஒழுங்கு ஒன்றை இம்மன்றம் அறிய வேண்டும். இதை அறியாமல் தீர்ப்பு எழுதினால் அது தீர்ப்பாகாது. வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் ஓர் அறையில் கூடுவோம். அதற்குக் குற்ற ஏற்பு அவை என்று பெயர். ஒவ்வொருத்தியும் நடுவில் வந்து முழந்தாளிட்டு, மார்பில் கைவைத்து, அவ்வாரத்தில் தான் செய்த பிழையைத் தானே உரக்கக் கூறுவாள். குவளையை உடைத்தேன், சினந்து பேசினேன், மணி அடித்தும் எழாமல் படுத்திருந்தேன் என்பன போன்றவை அவை. மற்றொருத்தியின் பிழையைக் கூறக் கூடாது. தன் பிழைக்கு மற்றவரைக் காரணம் காட்டக் கூடாது. ஒருத்தி தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொள்ளும்போது கேட்போர் யாரும் அவளுக்காகப் பரிந்து ஒரு சொல்லும் பேசக் கூடாது. கண்களைத் தாழ்த்தி அமைதியாக நிற்க வேண்டும். துறவு ஏற்ற நாள்முதல் எங்கள் எலும்பில் ஊறிய ஒழுங்கு இது. யாரேனும் "இதற்கு யார் காரணம்?" என்று உரக்கக் கேட்டால் எங்கள் முழங்கால்கள் தாமே மடங்கும்.

பகைவர் நீங்கிய பின்னர் வந்த முதல் வெள்ளிக்கிழமையில் குருவி நடுவில் வந்து முழந்தாளிட்டாள். "பேசக் கூடாத நேரத்துல நான் கத்தினேன். முக்காடு கீழ விழுந்துடுச்சு, எடுத்துப் போட்டுக்கல. என் பிழை" என்றாள். அதற்கடுத்து முழந்தாளிட்ட சமையல் சகோதரி, "ஒருத்தன் கையைக் கடிச்சேன். என் பிழை" என்றார். சற்று நேரம் கழித்து, "இன்னும் நல்லாக் கடிச்சிருக்கணும்" என்றும் சேர்த்தார். ஒழுங்குப்படி நாங்கள் கண்களைத் தாழ்த்தி நின்றோம். தலைவியம்மா மட்டும் தம் இருக்கையிலிருந்து எழுந்தார். அதன் பின்னர் அவரே தரையில் முழந்தாளிட்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "கதவைத் திறந்தவ நான். நீங்க யாரும் எதுவும் செய்யல. எல்லாம் என் பிழை" என்றார். துன்புற்ற பெண்கள் தம்மைக் குற்றவாளி என்று சொல்லக் கேட்கப் பொறாத தாய், அத்தனை பழியையும் தம் தலையில் வாரிப் போட்டுக்கொண்ட நேரம் அது. அதுமுதல் அதே சொல்லை வெள்ளிதோறும் கூறினார்.

அதன் பின்னர் ஆய்வாளர் வந்தார். நம் படை மீண்டதும் படைத்தலைவர் மார்பில் பதக்கத்தோடு ஊர்வலம் வந்ததையும், பாலம் ஒரு குண்டும் வெடிக்காமல் கைமாறியது எப்படி என்று ஊர் கேட்கத் தொடங்கியதையும், அவர் மடத்தை நோக்கி விரல் நீட்டியதையும் நீங்கள் அறிவீர்கள். ஆய்வாளர் எங்களை அதே அறையில் வரிசையாக நிறுத்தினார். அமர்ந்து ஒருவர் ஒருவராகக் கேட்கவில்லை. பொத்தாம் பொதுவாக, "இங்க நடந்ததுக்கெல்லாம் யார் காரணம்?" என்று உரத்த குரலில் கேட்டார். நான் முன்பு கூறியவாறே நடந்தது. தலைவியம்மா முழந்தாளிட்டார். முறிந்த கையை உயர்த்த முயன்று, இயலாமல், இடக்கையை மார்பில் வைத்து, "கதவைத் திறந்தவ நான். வந்த கேட்டுக்கெல்லாம் நானே காரணம். என் பிழை" என்றார். நாங்கள் கண்களைத் தாழ்த்தி அமைதியாக நின்றோம்.

ஆய்வாளர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். "அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது" என்று தம் காவலரிடம் கூறினார். அதன் பின்னர், குற்றவாளி தாமே முன்வந்து ஒப்புக்கொண்டதாகவும், உடனிருந்த கன்னியர் எவரும் மறுக்கவில்லை ஆதலால் அவர்களும் உடன்பட்டதாகவும் எழுதிக்கொண்டார். வலக்கை எழாததால் அம்மாவிடம் இடக்கைப் பெருவிரல் பதிவு வாங்கினார். ஒரு பள்ளியையே நடத்தியவர், நாள்தோறும் கையெழுத்து இடுபவர், ஏன் கைநாட்டு வைக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. வலக்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு கேள்வியிலிருந்து எல்லாம் வெளிவந்திருக்கும். கேட்காமல் இருந்தமையால்தான் வேலை முடிந்தது.

இம்மன்றத்தின் முன் உறுதியாகக் கூறுகிறேன். அது ஒப்புதல் அன்று. அது எங்கள் மன்றாட்டு. கடவுள் முன் கூறிய சொல்லை வழியில் மறித்துக் கைப்பற்றி, அதையே அவர் கழுத்துக்குக் கயிறாகத் திரித்திருக்கிறீர்கள். எங்கள் அமைதியும் உடன்பாடு அன்று. அது ஒழுங்கு. அவ்வொழுங்கை அறியாமல் போனது ஆய்வாளரின் தவறு என்றால் பொறுக்கலாம்; அறிந்துகொள்ள ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமராததைப் பொறுக்க முடியாது.

அதன் பின்னர் நான் காவல் நிலையம் சென்று, எங்கள் தரப்பையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டினேன். வாசலில் இருந்த காவலர், "ஒப்புக்கிட்டாங்களே சிஸ்டர். இப்ப வந்து விவரம் சொல்றேன்னா, தாலி கட்டி முடிச்சப்புறம் பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல இருக்கு" என்றார். உள்ளே இருந்தோர் சிரித்தனர்.

அதன் பின்னர் ஆயரின் செயலர் மடத்துக்கு வந்தார். மிக மென்மையாகப் பேசினார். "வெளிய சொன்னா மடத்தோட பேரு என்னாகும்னு யோசிச்சீங்களா சிஸ்டர்? உங்க எல்லாரோட நல்லதுக்கும்தான் சொல்றேன். கொஞ்சம் பொறுங்க, காலம் எல்லாத்தையும் ஆத்தும்."

"காலத்துக்கு எங்க மடத்து முகவரி தெரியுமா ஃபாதர்?" என்று கேட்டேன். "தீர்ப்பு எழுதுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு சென்றார். எங்கள் பெயர் கெடும் என்று அஞ்சுகிறார்கள். கொடுமை செய்தவனின் பெயர் கெடும் என்று அஞ்சுவார் இவ்வுலகில் ஒருவரும் இல்லை. ஐயா, எங்கள் பெயரை நாங்கள் கெடுத்துக்கொள்ளவில்லை. ஆதலால் மூடி வைக்க வேண்டிய பொறுப்பும் எங்களுடையது அன்று.

அதன் பின்னர், அன்று பரணில் இருந்த பெண்ணொருத்தியின் தந்தையிடம் சென்றேன். அவர் செய்யும் தொழிலைக் கூறினாலும் ஊர் கண்டுகொள்ளும். ஆதலால் அதையும் கூறேன். அம்மா ஏன் கதவைத் திறந்தார் என்பதை மன்றத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வேண்டினேன்.

"எம்பொண்ணு அங்க இல்லவே இல்ல சிஸ்டர். அவ அத்தை வீட்டுல இருந்தா" என்றார்.

"அண்ணே, நான்தான் அவளுக்கு வாய்க்கால்ல இறங்கக் கை குடுத்தேன்."

"நாளைக்கு அவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணுமா வேண்டாமா? அங்க இருந்தான்னு தெரிஞ்சா என்ன நடந்துச்சோன்னு நாலு பேரு பேசுவாங்க. உங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல, உங்களுக்கு இது புரியாது."

அவர் பேசும்போது அப்பெண் அவர் பின்னே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். பெற்றோர்களே, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பெண்கள் இன்று வாசல் பெருக்குவதற்கும் பள்ளிக்குச் செல்வதற்கும் விலை கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் அறிவார்கள். நீங்கள் வாய்மூடி இருப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பின்னர், நேற்று, சிறையில் தலைவியம்மாவைக் காண இசைவு கிடைத்தது. கம்பிக்கு அப்பால் வந்து நின்றவர் முதலில், "சாப்ட்டியா?" என்றார். அடுத்து, "இங்கயும் எனக்குக் கதவோரம்தான் இடம் குடுத்திருக்காங்க. ராசி அப்படி" என்றார். சொன்ன சொல்லை மாற்றிக் கூறுமாறு அவரை வேண்டினேன். காலில் விழாத குறையாக வேண்டினேன்.

"கதவைத் திறந்தது நான்தானேடி. அதை எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

"திறந்தது உண்மைம்மா. அது குத்தம்னு யார் சொன்னா?"

அவர் இடக்கையால் கம்பியைப் பற்றிக்கொண்டார். பின்னர் மெல்லக் கூறினார். "திறக்கும்போது கடவுள்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எனக்கு முன்னாடி நீ நின்னுக்கோன்னு. புள்ளைங்க தப்பிச்சாங்க. அதுக்காக நன்றி சொல்லணும்னு தினமும் உக்கார்றேன். உங்க அஞ்சு பேரு முகமும் வந்து நிக்குது. நன்றியும் வரல, திட்டவும் வரல. யாரையாவது குத்தம் சொல்லணும்ல? என்னைத்தான் சொல்லத் தெரியும்."

நான் இன்று இங்கு வந்து பேசப்போவதைக் கூறினேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். "யாரையும் குறை சொல்லாத. அது நம்ம ஒழுங்கு. தலைவியாச் சொல்றேன்" என்றார்.

தலைவியின் சொல்லுக்குக் கீழ்ப்படிவேன் என்று இறைவன் முன் உறுதிமொழி தந்தவள் நான். அதை இதுவரை மீறியதில்லை. இன்று மீறுகிறேன், மயங்கி அல்ல, தெளிந்தே மீறுகிறேன். எளியவர் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொண்டே இருப்பதும், வலியவர் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருப்பதும் இறைவன் தந்த ஒழுங்காக இருக்க முடியாது. அது அவர் தந்ததே என்று யாரேனும் மெய்ப்பித்தால் அவரிடமும் இதே குரலில்தான் பேசுவேன். என் நம்பிக்கையில் எஞ்சியிருப்பது அக்குரல் மட்டுமே. அதை நான் இழக்க மாட்டேன்.

ஆதலால் என் வாழ்நாளில் முதன்முறையாகப் பிறர்மேல் குற்றம் சாட்டுகிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் படைத்தலைவரே, காப்பேன் என்று கூறிப் பெண்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கதவின் தாழைக் கழற்றி உம் வண்டிச் சக்கரத்தின் கீழே போட்டுக்கொண்டு ஓடினீர். ஓடியதை மறைக்க ஒரு தாயைக் கயிற்றின் முன் நிறுத்தினீர். எங்களைச் சிதைத்தவர்கள் பகைவர். அவர்களுள் சிறைப்பட்டோர் பாலத்தடி முகாமில் இருக்கிறார்கள். அவர்களை எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தினால் அடையாளம் காட்டுவோம். உம்மை அடையாளம் காட்ட அணிவகுப்பு வேண்டா.

மேலே கூறிய அனைத்தும் நான் கண்டவை, கேட்டவை, என் உடலால் அறிந்தவை. எவரும் சொல்லித் தந்து நான் சொல்லவில்லை. எவர்க்கும் அஞ்சி எதையும் விடவில்லை. எழுத்தர் முழுவதையும் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'விரும்பத்தகாத நிகழ்வு' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு நான் கூறிய சொல்லையே எழுதச் செய்து, அதனருகே சுருக்கொப்பமும் இட்டேன். இவ்வாக்குமூலம் மெய்யென்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

பள்ளிச் சகோதரி, கன்னியர் மடம்

எழுதுகோலை மூடாதீர்கள், தம்பி. கையெழுத்துக்குக் கீழே இதையும் சேருங்கள். நடுவர் அவர்களே, நாளை காலை வரை காத்திருக்க எங்களால் இயலாது. தலைவியம்மாவை இன்றே விடுவியுங்கள். படைத்தலைவரை அந்நாற்காலியிலிருந்து எழுப்பி, நான் இறங்கியதும் இக்கூண்டில் ஏற்றுங்கள். ஆய்வாளரை இப்போதே மடத்தின் பின்வாயிலுக்கு அனுப்புங்கள். கையோடு ஒரு மண்வெட்டியும் கொடுத்தனுப்புங்கள். வெளியே தாழ்வாரத்தில் என் சகோதரிகள் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள். யாரும் அழைத்து வரவில்லை. காலையில் நான் கிளம்பியபோது தாமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு உடன் வந்தனர். தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால் கூற வந்திருக்கிறார்கள். இம்முறை யாரும் முழந்தாளிட மாட்டார்கள். அமர்ந்து பேசுவதற்கு ஒரு நாற்காலி போடுங்கள். குருவி முதலில் பேசுவதாகக் கூறியிருக்கிறாள். அவள் குரல் இன்னும் உரக்க எழவில்லை. ஆகவே அவையோர் சற்று அமைதியாக இருங்கள்.

அவளை உள்ளே அழையுங்கள்.